நான்காவது நிரல்

எங்கட குழுவில எண்பத்தி மூண்டு பேர்.
நான் அதுக்குக் காவல்.
பகலில சுன்னாகத்தில மருந்துக்கடை,
மாத்திரை எண்ணுற விரலாலதான்
இரவில மற்றாக்கள் எழுதினதை அழிக்கிறது.

விதி ஒண்டுதான்: பறவை மட்டும்.
காலை வணக்கங்களை அழிச்சன்.
நாலு பரப்புக் காணி, நல்ல தண்ணி, விலை பேசலாம், அழிச்சன்.
பூநாரையைக் கொக்கு எண்டு எழுதின பெட்டைக்கு
ஒருத்தர் சொன்னதை வாசிச்ச கையோட அழிச்சன்.
அவள் பிறகும் எழுதினாள்.
அதில எனக்கொரு பெருமை.

பல் வைத்தியர் சிவகடாட்சம்
அமிர்தசீலனுக்கு எழுதினார்:
ஓட்டோ ஓடுற ஆளுக்கு எல்லாம் உள்ளான்தான்.
மூண்டு நிமிசத்தில இல்லாமச் செய்தன்.
சீலன் தனியா ஒரு கைகூப்பு அனுப்பினான்.
அது உள்ளானேதான்,
படத்தைப் பெரிசாக்கிப் பாத்தனான்.

ஆனியில அவன் ஒரு படம் போட்டான்.
முள்ளுக்கம்பிக்கு அங்கால கிணறு,
கட்டில ஒரு மீன்கொத்தி.
கீழ எழுதியிருந்தான்:
அம்மா தண்ணியள்ளின கிணறு.
மீன்கொத்தி ஆரிட்டையும் கடிதம் வாங்காமப் போய் வருகுது.
நாங்கள் முப்பது வருசமாக் கேக்கிறம்.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் மூச்சு விடேல்லை.
பிறகு கண்ணீர், முஷ்டி,
ரொறொன்ரோவில இருந்து ஒருத்தர் நீளமா.
காலியில இருந்து களப்புக்கு வாற சமிந்து
கொச்சைத் தமிழில கேட்டான், என்ன கதை இது?
வங்கி முகாமையாளர் தனியா வந்தார்:
தங்கச்சி, எங்கட பேரெல்லாம் இதில கிடக்கு.
என்ர பேர் முதலாவதாக் கிடந்தது.

அழிச்சன்.
உள்ளானுக்காக அழிச்ச அதே விரல்.

அழிச்சாலும் முழுக்கப் போறேல்லை.
'நிர்வாகியால் நீக்கப்பட்டது' எண்டு
ஒரு வரி நிக்கும்,
ஆள் எழும்பிப் போன கதிரை மாதிரி.

விதியை அவனுக்கு அனுப்பினன்:
திகதி, இனம், எண்ணிக்கை, இடம், பார்வைத் தெளிவு.
வேறொண்டும் வேண்டாம்.
சரி அக்கா, எண்டான்.
அண்டைக்கு எனக்கு நல்ல நித்திரை வந்தது,
அதையும் சொல்லவேணும்.

ஆடி ஆறு.
கூகை. மூண்டு, அதில குஞ்சு ஒண்டு.
இடம்: சமையலறைப் பரண்.
பார்வை: நல்ல தெளிவு. கூரை இல்லை.

ஆடி பதினொண்டு.
புலுனி. ஏழு.
இடம்: சாமியறை வாசல்.
பார்வை: தூரக்கண்ணாடியால், கம்பிக்கு இஞ்சால நிண்டு.

ஆடி இருபது.
செண்பகம். ஒண்டு.
இடம்: தங்கச்சி படிக்கிற மேசை. இப்ப ஆமணக்கு.

'இப்ப'வில விரலை வைச்சன்.
ஆமணக்கு தாவரம். இப்ப எண்டது நேரம்.
விதிக்குப் புறம்பா ஒண்டும் இல்லை.

இதை விடுறீரோ, எண்டு பல் வைத்தியர் கேட்டார்.
எண்ணிக்கை பிழையோ, எண்டன்.
இல்லை, செண்பகம் சரி.
பிறகு கனநேரம் அவர் எழுதிக்கொண்டிருக்கிறதாக் காட்டிச்சுது.
ஒண்டும் வரேல்லை.

மார்கழியில கணக்கெடுப்பு.
எல்லாற்ற பதிவையும் அட்டவணையில ஏத்துறது என்ர வேலை.
நான்காவது நிரல்: வாழிடம்.
அதில தெரியலாம், எழுதேலாது.
வயல். களப்பு. பற்றை. பனங்கூடல். கடற்கரை. மற்றவை.

சீலன்ர பதிவு நாப்பத்தொண்டு.
நாப்பத்தொரு தரம் 'மற்றவை' எண்டு போட
ஒரு நிமிசம் காணும்.
வெளியில மழை. தேத்தண்ணி ஆடை பிடிச்சிட்டுது.
பட்டியலைத் திறந்து
பற்றைக்கும் பனங்கூடலுக்கும் நடுவில
வீடு எண்டு அடிச்சன்.
அது காணாது. வளவு எண்டும் வேணும்.
கிணறு எண்டும்.

கிணறு எண்டு அடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது,
கிணத்தில ஒரு பதிவும் இல்லை.
ஆனி மாதம், மீன்கொத்தி, எண்ணிக்கை ஒண்டு.
திகதி அவனுக்குத்தான் தெரியும்.

சீலன், அந்த மீன்கொத்தி... எண்டு தொடங்கினன்.
அழிச்சன்.
திரும்பத் தொடங்கினன்.